மயிரிழைப் படிவம்

எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் பதினான்கு பேர். எங்களைப் பாதுகாக்கிறவர்கள் பத்தொன்பது பேர். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வேறு எங்கேயும் ஆளுக்கு ஒன்றேகாலுக்கு மேல் காவலர் கிடையாது என்று அருளம்பலம் சேர் பெருமையாகச் சொல்வார். பாதுகாப்பு, சுகாதாரம், நல்வாழ்வு மூன்றுக்கும் அவர்தான் தலைவர்.

நாங்கள் செய்வது உல்லாசப் படகுகளுக்கான சுக்கான்கள். காபன் நார்த்துணியை வெட்டிப் பிசின் பூசி அடுப்பில் வேகவைத்தால் இரும்பைவிட உறுதியான கறுப்புப் பலகை ஒன்று வரும். அதில் துளை போட மனிதக் கையால் ஏலாது. அதற்கென்று ஓர் இயந்திரக் கை, கம்பிக் கூண்டுக்குள் நடுநாயகமாக நிற்கிறது. பலகையை நாங்கள் எடுத்து வைக்க வேண்டும். தூசியை நாங்கள் உறிஞ்சி எடுக்க வேண்டும். எண்ணெய் இருக்கிறதா என்று நாங்கள் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்த பிறகு அது அசையும். ஆகவே அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். எங்கள் கிண்ணியாவில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வந்த பிறகு அவர் எப்படி இருப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளையை இயக்கும் மேசை என்னுடையது. நான் சுஹைரா. ஒவ்வொரு வரிசைத் துளையும் முடிந்தவுடன் மாப்பிள்ளை ஒன்பது செக்கன் அசையாமல் நிற்பார், தூசி போவதற்காக. பிறகு திரும்பவும் பாய்வார். அந்த ஒன்பதை நான் நாளைக்கு முந்நூறு தடவை எண்ணுகிறேன். தொழுகையில்கூட எனக்கு அவ்வளவு கவனம் நிற்பதில்லை.

கூண்டுக்கு ஒரு கதவு. கதவு நிலையில் ஓர் ஆளி, அதாவது சுவிட்ச்; கதவு மூடினால் கதவில் பொருத்திய சாவி அதன் வாய்க்குள் போகும். கதவு திறந்தால் ஆளி மாப்பிள்ளைக்குச் செய்தி சொல்லும், அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். போன மாரியில் அந்த ஆளி பழுதாகி, மூடியிருந்த கதவையும் திறந்ததாகச் சொல்லத் தொடங்கியது. நாளைக்கு இருபது தடவை வேலை நின்றது. இயந்திரம் திருத்துகிற றம்ஸான் நானா, ஆளியின் வாய்க்குள் ஓர் உதிரிச் சாவியைச் செருகி வயரால் இறுக்கிக் கட்டினார். அதற்குப் பிறகு கதவு திறந்தாலும் மூடினாலும், மூடியிருப்பதாகவே மாப்பிள்ளை நம்பினார்.

"புது ஆளி வாற வரைக்கும்தான்," என்றார் றம்ஸான் நானா. "நீ உள்ளுக்குப் போறண்டா சிவப்புப் பட்டன அமத்திட்டுப் போ. ஒனக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும்."

இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதாது என்று நான் நினைத்தேன். அதனால் மயிரிழைப் படிவம் எடுத்தேன்.

ஒரு விபத்து மயிரிழையில் தப்பிப் போனால் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். என்ன நடந்தது, யார் காரணம், என்று பெட்டி பெட்டியாகப் போய், கடைசியில் 'இடைவெளி (மி.மீ.)' என்று ஒரு பெட்டி இருக்கும். நான் மூன்று தடவை சாவியைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவையும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை நேரிலேயே போனேன்.

"பிள்ளை, நீங்கள் எழுதியிருக்கிறது ஆபத்து," என்றார் அருளம்பலம் சேர் பொறுமையாக. "இது மயிரிழைப் படிவம். ஆரும் உள்ளுக்குப் போகயில்லை. அடிபடப் பாக்கயில்லை. பிறகு எப்படி இடைவெளி வரும்?"

"ஆபத்துக்கு வேற படிவம் இருக்கா சேர்?"

"இருந்தது. ஒருத்தரும் பாவிக்கினமில்லை எண்டு நிப்பாட்டிப்போட்டம்."

"அப்ப என்ன செய்யிற?"

"ஆராவது ஒராள் கிட்டப் போகட்டும். போன உடன எழுதுங்கோ. எத்தினை மில்லிமீற்றர் எண்டதை மட்டும் மறந்திடாதேங்கோ."

இது நடந்து இரண்டு மாதத்தில், அந்தப் படிவத்தின் பெயர் அநாகரிகமானது என்று தலைமை அலுவலகத்துக்கு யாரோ எழுதிவிட்டார்கள். எங்கள் ஊரில் தலைமயிர் என்பதில் அநாகரிகம் எதுவுமில்லை, சலூன் பலகையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் பெயர் 'கேச இழைப் படிவம்' என்று மாறி வந்தது. நார்த்துணிக்குப் பிசின் பூசுகிற கமலாதேவி அக்கா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றார்.

"கேஸ் படிவமாமடி. கையெழுத்து வைச்சால் கோட்டுக்கெல்லோ இழுப்பினம்!"

அந்த மாதம் ஒருவரும் படிவம் கொடுக்கவில்லை. அடுத்த மாதமும் இல்லை. பாதுகாப்புப் பிரிவே நடுங்கிப் போனது. பச்சைத் தொப்பி நீலமாகவும், நீலம் மஞ்சளாகவும், மஞ்சள் வெள்ளையாகவும் உயர, ஓர் அலுவலர் மாதம் பத்துப் படிவம் காட்ட வேண்டும். வேறு வழியில்லாமல் அவர்களே மயிரிழையில் தப்பத் தொடங்கினார்கள். ஒருவர் கன்ரீனில் சூடான தேத்தண்ணியால் தப்பினார். ஒருவர், தான் ஒட்டிய 'வழுக்கும், கவனம்' என்ற தாளில் வழுக்கித் தப்பினார். அவருக்கு நீலத் தொப்பி கிடைத்தது.

பிறகுதான் தொழில் வழிகாட்டல் நாள் வந்தது. எங்களை வரிசையாகக் கதிரையில் உட்காரவைத்து அருளம்பலம் சேர் பேசினார்.

"சிலபேர் கேக்கினம், தொள்ளாயிரம் நாளா விபத்தே நடக்காத இடத்தில இத்தனை பாதுகாப்பு அலுவலர் ஏனெண்டு. நான் திருப்பிக் கேக்கிறன். விபத்து நடந்திருந்தால் எங்களை வைச்சிருப்பீங்களோ? உயர் தொழில்நுட்ப உற்பத்தியில இண்டைக்கு இருக்கிற வேலை நாளைக்கு இராது. உங்கட கை செய்யிறதை இயந்திரக் கை செய்யும். ஆனால் பயம் இருக்கே பிள்ளையள், அதை இயந்திரம் செய்ய ஏலாது. பயம் ஒரு நிரந்தரத் துறை. அதுக்குள்ள வாங்கோ. உங்களில ஒராளுக்கு நேரடியா வெள்ளைத் தொப்பி!"

எனக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்தது. அந்தத் தொப்பி எனக்கு வேண்டும். நான் அதைப் போட்டுக்கொண்டு கூண்டுக் கதவுக்குப் போவேன், சாவியைப் பிடுங்குவேன், ஒருவரும் இடைவெளி கேட்க மாட்டார்கள். இப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொன்னேன். தொப்பியைக் கண்ணாடியில் எந்தக் கோணத்தில் வைத்துப் பார்த்தேன் என்பதைச் சொல்லவில்லை.

லைலாவும் அந்த வேலையைக் கேட்டு எழுதினாள்.

லைலாவுக்கும் எனக்கும் ஒரே ஒழுங்கையில் வீடு. ஒரே வகுப்பு. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். தொழிற்சாலை பஸ்ஸில் ஒரே இருக்கை. அவள் துணி வெட்டும் மேசையில் நின்றாள், கூண்டுப் பக்கம் வந்ததேயில்லை.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். "பாதுகாப்பு என்றால் என்ன?" என்று என்னைக் கேட்டார்கள்.

"மாப்பிள்ளையின்ட கதவில ஒரு கள்ளச் சாவி இருக்கு சேர். அதக் கழட்டுறது."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அது ஒரு விசயம்," என்றார் அருளம்பலம் சேர். "நாங்கள் கேட்டது வரைவிலக்கணம்."

லைலாவிடமும் அதையே கேட்டார்கள். "பாதுகாப்பு என்பது ஒரு பயணம்," என்றாள் அவள். மூவரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். அந்த வசனம் பெண்கள் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நானும் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் கையைக் கழுவினேன்.

பொறாமை நெருப்பு மாதிரி எரியும் என்கிறார்கள். எனக்கு எரியவில்லை. கடற்கரையால் வந்த பிறகு செருப்புக்குள் நிற்கும் மணல் போலத்தான் இருந்தது. நடக்கலாம், வேலை செய்யலாம், சிரிக்கலாம். ஒவ்வோர் அடியிலும் அது இருக்கும்.

"லைலாட உம்மா சொன்னா, அவக்குக் குடுத்த கதிரை சுத்துமாம்," என்றார் என் உம்மா அடுப்பில் மீன் ஆணத்தைக் கிண்டிக்கொண்டே. "ஒன்ட கதிரை சுத்துறல்லயா?"

"நான் நிண்டுதான் வேலை செய்யிற உம்மா."

லைலா என்னை மறந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் மறக்கவில்லை. முதல் நாளே ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு என் மேசைக்கு வந்தாள். முக்காட்டுக்கு மேலே வெள்ளைத் தொப்பி. வேறு யாருக்கும் அந்தத் தொப்பி அப்படிப் பொருந்தியதில்லை.

"ஒனக்குத்தான் புள்ள முதல் துண்டு. சொல்லு, எப்படி இருக்கு தொப்பி?"

"வடிவா இருக்கு," என்றேன்.

எங்களில் ஒருவரைப் புகழ்ந்தால் உடனே மாஷா அல்லாஹ் என்று சேர்த்துச் சொல்வோம். சொல்லாவிட்டால் கண் பட்டுவிடும். பச்சைப் பிள்ளைக்கும் சொல்வோம், பக்கத்து வீட்டு மாங்காய்க்கும் சொல்வோம். அது நாக்கில் தானாக வரும் சொல். அன்றைக்கு எனக்கு வரவில்லை. வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வட்டிலப்பத்தை வாய்க்குள் போட்டு அந்த இடத்தை நிரப்பினேன்.

சாவியைப் பற்றியும் அப்போதே சொல்லியிருக்கலாம். மூன்று படிவம் எழுதியவள், நேர்முகத்தில் மூன்று பேர் முன்னால் சொன்னவள், தோழியிடம் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அவள்தானே அலுவலர், கண்டுபிடிக்கட்டும் என்றது மனம். கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். தெரியாத ஒன்றைப் பற்றி ஒருத்தி எப்படிக் கேட்பாள் என்று என்னை நானே கேட்கவில்லை.

அடுத்த நாள் லைலா படியில் சறுக்கினாள். விழவில்லை, கோப்பை மட்டும் உடைந்தது.

"கண்ணூறு!" என்றார் கமலாதேவி அக்கா உடனே. "நேற்று வெள்ளைத் தொப்பி, இண்டைக்குப் படியில. ஆரின்ட கண்ணோ தெரியேல்லை."

லைலா சிரித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "நீ நேத்து மாஷா அல்லாஹ் சொல்லல்லடி. நான் கவனிச்ச."

"மறந்துட்டன்."

"பரவால்ல. ஒரு உதவி செய். இண்டையோட மாசம் முடியிது, எனக்கு ரெண்டு நாள்ல ஒம்பது படிவம்தான் சேந்திருக்கு. பத்து இல்லண்டா நிரந்தரமாக்க மாட்டாங்களாம். இதப் பத்தாவதாப் போடட்டா? காரணம், கண்ணூறு. ஆள், சுஹைரா. சும்மா ஒரு கதைக்குத்தானே. ஆரு இதெல்லாம் வாசிக்கப் போறாங்க?"

மாட்டேன் என்றால் உண்மை என்றாகிவிடும். "ஓம், போடு," என்றேன். இடைவெளி என்ற பெட்டியில் அவள் பன்னிரண்டு என்று எழுதினாள்.

அவர்கள் வாசித்தார்கள். என் சாவியை மூன்று தடவை திருப்பி அனுப்பிய பிரிவு, என் கண்ணுக்கு ஏழு பேர் கொண்ட குழு அமைத்தது.

ஓர் ஆபத்தைக் கையாள ஐந்து படி இருக்கிறதாம். முதலாவது, ஆபத்தை அகற்றுவது. அப்படியென்றால் என்னை வேலையை விட்டு நிறுத்துவது. மாப்பிள்ளையின் மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அதைக் கைவிட்டார்கள். இரண்டாவது, ஆபத்துக் குறைந்த ஒன்றை அதன் இடத்தில் வைப்பது. பொறாமை குறைந்த ஒருவரைத் தேடிப் பதினான்கு பேருக்கும் கேள்வித்தாள் கொடுத்தார்கள். ஆகக் குறைந்த புள்ளி எனக்குத்தான் வந்தது. பாதுகாப்புப் பிரிவினரை நேரமின்மை காரணமாக அளக்கவில்லை. மூன்றாவது, தடுப்புக் கட்டுவது. என் மேசைக்கும் நடைபாதைக்கும் இடையில் ஒரு பலகை வைத்தார்கள், மாப்பிள்ளை தெரியவில்லை என்றேன், எடுத்தார்கள். நான்காவது, விதி. லைலா என் பக்கம் வரும்போது ஒரு மணி அடிக்கும், நான் குனிந்துகொள்ள வேண்டும். ஐந்தாவது, கவசம். எனக்கு இரும்பை உருக்கி ஒட்டுகிறவர்களின் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள்.

கண்ணாடி போதுமா என்று பார்க்க, வெளிச்சம் அளக்கும் கருவியை என் முகத்துக்கு நேரே பிடித்தார்கள்.

"லைலாவைப் பாருங்கோ," என்றார் அருளம்பலம் சேர். பார்த்தேன். முள் அசையவில்லை.

"வேணுமெண்டு அடக்கிறா," என்று குழுவில் ஒருவர் குறித்துக்கொண்டார்.

கமலாதேவி அக்காவுக்கு இதெல்லாம் வீண் வேலையாகப் பட்டது. "அந்தப் பிள்ளையின்ட கன்னத்தில ஒரு கறுப்புப் பொட்டை வைச்சுவிடுங்கோ சேர், முடிஞ்சுது."

"கறுப்புப் பொட்டுக்குத் தரச் சான்றிதழ் இல்லை அம்மா."

"அப்ப செத்தல் மிளகாயைச் சுத்தி எரியுங்கோ."

அதற்கு நெருப்பு வேலை அனுமதிப் பத்திரம் வேண்டும் என்றார்கள். நான்கு கையெழுத்தோடு பத்திரம் வந்து சேர்ந்தபோது மிளகாயைக் கன்ரீனில் சம்பலுக்கு இடித்துவிட்டார்கள்.

பஸ்ஸில் லைலா என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். "நான் பகிடிக்குத்தான் எழுதின, சத்தியமா. நாளைக்கே போய்ச் சொல்றன், ஒன்ட பேர எடுக்கச் சொல்லி."

"வேணாம்," என்றேன். "ஒன்ட பத்து ஒம்பதாயிரும்."

நான் நல்லவள் மாதிரி அதைச் சொன்னேன். அவள் கண் கலங்கியது. நான் வெளியே குடாக் கடலைப் பார்த்தேன். அவள் மோசமானவளாக இருந்திருந்தால் என் வேலை எவ்வளவு இலகுவாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

விபத்தில்லாத ஆயிரமாவது நாளுக்குப் பெரிய விழா வைத்தார்கள். மாப்பிள்ளையின் கழுத்தில் கடதாசி மாலை போட்டுப் படம் எடுப்பது என்று முடிவாகியிருந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் நாள் காலை, மாலைக்கு அளவெடுக்க லைலா கையில் அளவு நாடாவோடு வந்தாள்.

மணி அடித்தது. விதிப்படி நான் குனிந்திருக்க வேண்டும். நான் நிமிர்ந்து, கறுப்புக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தேன்.

மாப்பிள்ளை ஒரு வரிசை முடித்து நின்றிருந்தார். ஒன்று. இரண்டில் லைலா கூண்டின் கதவைத் திறந்தாள். அந்தக் கதவில் 'திறந்தால் இயந்திரம் நிற்கும்' என்ற தாளை அவளே போன வாரம் ஒட்டியிருந்தாள். இயந்திரம் நின்றுதானே இருந்தது. அவள் உள்ளே போனாள்.

மூன்று. என் கை சிவப்புப் பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவளுக்குத் தெரியும்தானே, அலுவலர்தானே, என்று நினைத்தேன். நான்கு. பாதுகாப்பு என்பது ஒரு பயணம். ஐந்து. கதிரை சுத்துமாம். ஆறு. நாடாவை மாப்பிள்ளையின் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவள் தனக்குள் சிரித்தாள். ஏழிலும் எட்டிலும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது. ஏதாவது நினைத்திருந்தால் அதை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

ஒன்பதில் மாப்பிள்ளை அசைந்தார். நானும் பொத்தானை அழுத்தினேன்.

இயந்திரக் கை பாதி வழியில் நின்றது. அதன் துளையூசி வெள்ளைத் தொப்பியை ஊடுருவித் தூக்கியிருந்தது. லைலா நிலத்தில் உட்கார்ந்திருந்தாள், முக்காடு கழுத்தில் கிடந்தது. ஊசி நுனியில் ஒரே ஒரு தலைமயிர், நீளமாக, காற்றுறிஞ்சியின் இழுப்பில் ஆடிக்கொண்டிருந்தது.

"தொறந்தா நிக்குமெண்டு எழுதியிருக்கே," என்றாள் அவள், யாரையும் பார்க்காமல்.

பத்தொன்பது பேரும் ஓடி வந்தார்கள். ஆறு பேர் அளவு நாடா கொண்டு வந்தார்கள். ஊசிக்கும் மண்டைக்கும் இடையில் நான்கு மில்லிமீற்றர் என்று கண்டபோது அருளம்பலம் சேரின் முகம் மலர்ந்தது. பிரிவு தொடங்கிய நாளிலிருந்து முதல் உண்மையான மயிரிழை. மயிரும் சாட்சியாக இருந்ததால், படிவத்துக்குப் பழைய பெயரையே திருப்பிக் கொடுத்தார்கள்.

விசாரணை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. காயம் இல்லை, தொப்பி ஊழியரில் சேராது, ஆகவே ஆயிரம் நாள் ஆயிரமாகவே இருக்கும். கள்ளச் சாவி பற்றி ஏற்கனவே மூன்று முறை அறிவிக்கப்பட்டு மூன்று முறையும் முறைப்படி நிராகரிக்கப்பட்டிருப்பதால், முறைமை சரியாக இயங்குகிறது. சாவிக்கு மஞ்சள் நிறம் பூசி ஓர் இலக்கம் கொடுக்க வேண்டும். லைலா, இயந்திரம் நின்றபோது தலையில் தொப்பி இல்லாமல் காணப்பட்டார், ஆகவே துணி வெட்டும் மேசைக்குத் திரும்ப வேண்டும்.

கமெரா கூண்டை மட்டும் பார்த்திருந்தது. கதவு திறந்ததற்கும் கை நின்றதற்கும் இடையில் ஏழு செக்கன் என்று அது சொன்னது. அது எப்படி என்று யாராவது கேட்பார்கள் என நான் காத்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவேன் என்று தொண்டைக்குள் வைத்திருந்தேன்.

அடுத்த நாள் விழாவில் அருளம்பலம் சேர் பேசினார்.

"ஏழு செக்கன்! நினைச்சுப் பாருங்கோ. மணி அடிச்சதால சுஹைரா பிள்ளை குனிஞ்சிருக்கிறா. கண்ணில கறுப்புக் கண்ணாடி. அப்படியிருந்தும் ஏழே செக்கனில உணர்ந்து நிப்பாட்டியிருக்கிறா. இதைத்தான் நான் கலாசாரம் எண்டு சொல்லுறன். பொறாமை எண்டு பதிவாகியிருந்த ஒரு ஊழியரை நாங்கள் மணியாலயும் கண்ணாடியாலயும் கட்டுப்படுத்தினபடியால்தான் எங்களுக்கு நாலு மில்லிமீற்றர் கிடைச்சுது. அந்தப் பிள்ளை வெறுங்கண்ணால பாத்திருந்தால் என்ன நடந்திருக்கும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வெறுங்கண்ணால் பார்த்தபோது என்ன நடந்தது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கேட்டவருக்கே தெரியாது.

வெள்ளைத் தொப்பியை எனக்குத் தந்தார்கள். களஞ்சியத்தில் புதிது இருக்கவில்லை. லைலாவின் தொப்பிதான், ஓட்டைக்கு மேல் 'ஆயிரம் நாள்' என்ற வட்ட ஒட்டுத்தாள். மாப்பிள்ளையின் மேசையையும் நானே பார்க்க வேண்டும் என்றார்கள். கதிரையும் தந்தார்கள். அது சுற்றியது.

முதல் வேலையாக ஒரு மயிரிழைப் படிவம் எடுத்தேன். என்ன நடந்தது: லைலா உள்ளே போவதை நான் கண்டேன், நிறுத்தவில்லை. காரணம்: பொறாமை. ஆள்: சுஹைரா. இடைவெளி: ஏழு செக்கன். என் கையால் எழுதி, கையெழுத்து வைத்து, பெட்டிக்குள் போட்டேன். எழுதி முடித்தபோது பல நாளுக்குப் பிறகு மூச்சு வயிறுவரை போனது.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது. சிவப்பு மையால் ஒரு குறிப்பு: 'இடைவெளி மி.மீ.இல் தரப்பட வேண்டும்.'

அன்று பின்னேரம் கூண்டுக்குப் போய் வயரை வெட்டி, மஞ்சள் சாவியைப் பிடுங்கினேன். உடனே வேலை நின்றது. அருளம்பலம் சேர் ஓடி வந்தார்.

"என்ன பிள்ளை இது? நீங்கள் இப்ப எங்கட ஆளெல்லோ!"

"ஓம் சேர். அதுதான் கழட்டினனான். புது ஆளி வரட்டும்."

சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

லைலா வழமையான இருக்கையில், சன்னல் பக்கம் இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்தேன். சீனக்குடா தாண்டும் வரை துணி வெட்டும் மேசைப் பகிடிகள் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு பின்னேர வெயில் அவள் முகத்துக்கு நேரே வந்தது.

"கண்ணைக் குத்துது. அந்தக் கண்ணூறுக் கண்ணாடியத் தாடி, நீதான் இனிப் போடத் தேவல்லயே," என்று சிரித்து, என் பைக்குள் தானே கையை விட்டாள். கையில் சாவி வந்தது.

"இது என்ன?"

"மாப்பிள்ளையின்ட கதவில இருந்தது."

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது இருக்கிறது ஒனக்கு எப்ப தெரியும்?"

"போன மாரிலருந்து."

"எனக்குச் சொல்லல்லயே நீ."

"சொல்லல்ல."

பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியது.

"நான் உள்ளுக்குப் போனதக் கண்டியா சுஹைரா?"

"கண்டன்."

"மணி அடிச்சதே. நீ குனிவியே."

"அண்டைக்குக் குனியல்ல."

லைலா சாவியை என் மடியில், தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். திரும்பவும் பைக்குள் கையை விட்டுக் கறுப்புக் கண்ணாடியை எடுத்து, நிதானமாகப் போட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கண் தெரியவில்லை. மடியில் இருந்த தொப்பியை எடுத்து என் தலையில் வைத்து, முக்காட்டின் ஓரத்தைச் சரி செய்துவிட்டாள்.

"வடிவா இருக்கு புள்ள," என்றாள்.

அடுத்த சொல்லுக்காக நான் காத்திருந்தேன். பாலம் முடியும் வரை காத்திருந்தேன்.